பாய் விரித்ததும் கால் குடைகிறதா? ஓய்வில்லாக் கால் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகல் முழுக்க ஒன்றும் தெரியாது. சாப்பிட்டு, பாய் விரித்து, காலை நீட்டிய பத்தாவது நிமிடம் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊரும். வலி என்று சொல்ல முடியாது, ஆனால் சும்மா வைத்திருக்கவும் முடியாது. ஆட்டினால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். மருத்துவத்தில் இதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர். வடசென்னையில் காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இதை வயசுக் குடைச்சல் என்றும் நரம்புத் தளர்ச்சி என்றும் சொல்லித் தைலம் தடவி விட்டுவிடுகிறோம். பலருக்குக் காரணம் உடம்பில் இரும்பு இருப்பு குறைந்திருப்பதுதான். அது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும்.

எனக்கு இருப்பது இதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான்கு அடையாளங்களும் சேர்ந்து இருக்க வேண்டும். காலை அசைத்தே தீர வேண்டும் என்ற உந்துதல் இருக்கும். உட்கார்ந்தாலோ படுத்தாலோ அது தொடங்கும் அல்லது கூடும். எழுந்து நடந்தால், நடக்கும்வரையாவது குறையும். சாயங்காலத்துக்கு மேல்தான் தொல்லை அதிகம், விடியற்காலையில் தானாக அடங்கிவிடும். "பூச்சி ஊர்ற மாதிரி", "நமநமங்குது", "எலும்புக்குள்ள குடையுது", "சோடா பொங்குற மாதிரி" என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். வார்த்தை எதுவாக இருந்தாலும் இந்த நான்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். இவை வேறு ஒரு நோயால் வரவில்லை என்பதையும் மருத்துவர் உறுதி செய்ய வேண்டும்.

ஸ்கேனோ எக்ஸ்ரேயோ இதைக் காட்டாது. நீங்கள் சொல்வதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். அதனால் "கால் வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.

சர்க்கரை இருக்கிறது, பாதம் எரிகிறது. அதுவும் இதுதானா?

பெரும்பாலும் இல்லை. சர்க்கரையால் நரம்பு கெட்டிருந்தால் எரிச்சலோ மரத்துப்போன உணர்வோ உள்ளங்காலில் தொடங்கி மேலே ஏறும். பகலிலும் இருக்கும், நடந்தாலும் போகாது. இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.

நடுராத்திரி கெண்டைக்கால் நரம்பு சுண்டி இழுத்து, சதை கல்லாகி, உயிர் போகிற வலி வருவது வேறு. மூட்டை தூக்குகிறவர்களுக்கும் நாள் முழுக்கக் கடையில் நிற்பவர்களுக்கும் வரும் நரம்புச் சுருட்டல் நின்றால் கனக்கும், காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் சுகமாகும். நடந்தால் வலித்து நின்றால் விடுகிறது என்றால் ரத்தக் குழாய் அடைப்பா என்று பார்க்க வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, சிவந்து வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்.

ஏன் ராத்திரியில் மட்டும் படுத்துகிறது?

அசைவைக் கட்டுப்படுத்த மூளைக்கு டோபமின் என்ற வேதிப்பொருள் சரியாக வேலை செய்ய வேண்டும், அதற்கு இரும்பு தேவை. இந்த நோய் உள்ளவர்களுக்கு மூளைக்குள் இரும்பு குறைவாக இருக்கிறது. மூளையின் இரும்பும் டோபமினும் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும், ராத்திரியில் தாழ்ந்துபோகும். ஆகவே உடம்பின் கடிகாரம்தான் நேரம் குறிக்கிறது. 10 மணிக்குப் படுத்தவர் 2, 3 மணிவரை புரண்டுவிட்டு, தண்ணி லாரி வரும் நேரத்தில் அடித்துப் போட்டதுபோல் தூங்குவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பரம்பரையும் உண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இதே தொல்லை இருந்திருக்கும்.

"ஹீமோகுளோபின் 13 இருக்கு, ரத்தம் நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எப்படி இரும்பு குறையும்?

ஹீமோகுளோபின் கையில் புழங்கும் பணம் மாதிரி. ஃபெரிட்டின் என்பது பெட்டியில் இருக்கும் சேமிப்பு. பெட்டி காலியான பிறகும் கொஞ்ச நாள் கையில் பணம் புழங்கும். அதனால் ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கூடவே இரும்பும், ரத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்று காட்டும் டிஐபிசியும் பார்த்தால், அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற சதவீதமும் கிடைக்கும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். லேப் அறிக்கையில் ஃபெரிட்டின் 20, 25 என்று வந்தாலும் "நார்மல்" என்றே அச்சாகியிருக்கும், ஏனென்றால் பல லேப்கள் 15க்கு மேல் எல்லாவற்றையும் சாதாரணம் என்கின்றன. மற்றவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஓய்வில்லாக் கால் உள்ள பெரியவர்களுக்கு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ இரும்பு கொடுத்துப் பார்ப்பதுதான் இன்றைய மருத்துவ நடைமுறை. அறிக்கையில் எண்ணைப் பாருங்கள், பக்கத்தில் உள்ள "நார்மல்" என்ற சொல்லைப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள்.

பரிசோதனையைக் காலையில் வெறும் வயிற்றில் எடுங்கள். முந்தைய 24 மணி நேரத்தில் இரும்பு மாத்திரையோ இரும்பு சேர்ந்த டானிக்கோ வேண்டாம். காய்ச்சல், புண், தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். உடம்பு சரியாகி இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ ஃபெரிட்டின் குறைந்திருந்தால் எங்கோ ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும். மூலம், வயிற்றுப் புண், குடல் கட்டி, கொக்கிப்புழு என்று எதுவாகவும் இருக்கலாம். மாத்திரை மட்டும் போட்டு மூடிவிடக் கூடாது.

இரும்பு மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும்?

அட்டையில் "எலிமெண்டல் அயன்" எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். 60 முதல் 65 மி.கி. உள்ள ஒரு மாத்திரை ஒரு வேளைக்குப் போதும். தினம் ஒன்று, அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு மூன்றாகப் போட்டால் சீக்கிரம் ஏறாது. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் குடல் அடுத்த வேளையை உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும், அதனால்தான் ஒரு நாள் இடைவெளி விடுவது வீணில்லை.

வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரில் பாதி எலுமிச்சம்பழம் பிழிந்து அதோடு விழுங்குங்கள். புளிப்பு இரும்பை உள்ளே ஏற்றும். டீ, காபி, பால், சுண்ணாம்புச் சத்து மாத்திரை எதுவும் முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வேண்டாம். காலை எழுந்ததும் டீக்கடைக்குப் போகும் பழக்கம் உள்ளவர்கள் மாத்திரையைச் சாயங்காலம் 5 மணி வாக்கில் வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். கேஸ் மாத்திரை என்று தினமும் போடும் பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் இரண்டும் இரும்பு உறிஞ்சுவதைக் குறைக்கும். அது இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். வயிறு எரிந்தால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம், உறிஞ்சுவது குறையும், ஆனால் நிறுத்துவதைவிட அது மேல். மலச்சிக்கல் வந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்குங்கள். ஒரு வாரத்தில் கால் அடங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆறு வாரம் முதல் மூன்று மாதம் ஆகும். மூன்றாம் மாதம் ஃபெரிட்டின் மறுபடி பாருங்கள்.

பரிசோதனை செய்யாமல் "எதுக்கும் இருக்கட்டும்" என்று மாதக்கணக்கில் இரும்பு சாப்பிடுவது தவறு. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே இரும்பு கூடுதலாக உள்ளவர்களுக்கும் அது ஈரலில் போய்த் தேங்கும். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டாலோ ஏறாவிட்டாலோ மருத்துவமனையில் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். மாத்திரைகளைச் சிறு பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து ஒரு பிள்ளை கைநிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

சுவரொட்டி, முருங்கைக்கீரை சாப்பிட்டால் போதாதா?

சாப்பிடுங்கள். ஆட்டு சுவரொட்டியிலும் (மண்ணீரல்) ஈரலிலும் உள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரையில் உள்ளது குறைவாகத்தான் சேரும், எலுமிச்சை பிழிந்தால் கொஞ்சம் கூடும். ஆனால் ஃபெரிட்டின் 15இல் இருப்பவர் சாப்பாட்டால் மட்டும் 75ஐத் தொட மிக நீண்ட காலம் ஆகும். அதுவரை ராத்திரிகளை இழக்கத் தேவையில்லை. கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்ப்பது நல்லது, அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

சளி மாத்திரை போட்ட ராத்திரி கால் இன்னும் மோசமாகிறதே?

தற்செயல் இல்லை. தூக்கம் வரவைக்கும் அலர்ஜி, சளி மருந்துகள் ஓய்வில்லாக் காலைத் தூண்டிவிடும். அவில், சிபிஎம் (குளோர்பெனிரமின்), டைஃபென்ஹைட்ரமின் கலந்த இருமல் சிரப் இந்த வகை. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குக் கொடுக்கும் புரோகுளோர்பெரசின் இரண்டும் டோபமினை நேராகத் தடுப்பவை. வாந்திக்கு மாற்றாக டோம்பெரிடோன் ஒத்துவருமா என்று கேட்கலாம். மனச்சோர்வுக்கும் மனநோய்க்கும் தரும் பல மருந்துகளும், "நல்லா தூக்கம் வரும்" என்று தரும் அமிட்ரிப்டிலின், மிர்டசபின் போன்றவையும் இதைக் கூட்டலாம்.

மனநல மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் காலின் கதையைச் சொல்லுங்கள், மாற்று இருக்கிறது. மெடிக்கலில் சளிக்கு மாத்திரை கேட்கும்போது "தூக்கம் வராத மாத்திரை" என்று கேட்டு வாங்கும் பழக்கம் மட்டும் இன்றே தொடங்கலாம்.

படுக்கும் முன் என்ன செய்தால் குறையும்?

முதலில் கெண்டைக்காலை இழுத்து விடுங்கள். சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, இரு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றி, ஒரு காலை முன்னே வைத்து முட்டியை மடக்குங்கள். பின்கால் நேராக, குதிகால் தரையிலேயே இருக்க வேண்டும். பின்கெண்டை இழுபடுவது தெரிந்ததும் 30 நொடி அப்படியே நில்லுங்கள். குலுக்கக் கூடாது. ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. பிறகு தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, துண்டை உள்ளங்காலில் மாட்டித் தன் பக்கம் இழுத்துப் பிடியுங்கள், அதுவும் 30 நொடி.

அடுத்தது வெந்நீர். முட்டிக்குக் கீழ்வரை மூழ்கும் பக்கெட்டில், முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்கும் சூட்டில், 15 நிமிடம். சிலருக்கு வெந்நீர் உதவாது, குளிர்ந்த நீர்தான் அடக்கும், முக்கியமாகச் சித்திரை வைகாசிப் புழுக்கத்தில். இரண்டையும் பார்த்து எது உங்கள் காலுக்குப் பிடிக்கிறதோ அதை வையுங்கள். சர்க்கரையால் பாதம் மரத்தவர்கள் வெந்நீரைத் தொடவே வேண்டாம். சுட்டது தெரியாமல் புண்ணாகிவிடும்.

பிறகு கணுக்காலிலிருந்து முட்டி நோக்கி ஐந்து நிமிடம் அழுத்தித் தேய்த்து விடுங்கள். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ, எதுவானாலும் வேலை செய்வது அழுத்தம்தான். விலையுயர்ந்த தைலம் தேவையில்லை.

பகலில் அரை மணி நேர நடை நல்லது. மெரினா வரை போக வேண்டியதில்லை, தெருவைச் சுற்றினாலே போதும். ஆனால் ராத்திரி 8 மணிக்கு மேல் ஜிம்மில் காலுக்குக் கடும் பயிற்சி செய்தால் அன்றைக்கே கால் பழிவாங்கும்.

நடுராத்திரி எழுப்பிவிட்டால்? ஒரே அறை, பக்கத்தில் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தே கிடக்காதீர்கள். எதிர்த்துப் படுத்திருக்கப் படுத்திருக்க அது கூடிக்கொண்டே போகும். வந்தவுடன் எழுந்துவிடுங்கள்.

படுக்கும் இடத்தையே மாற்றுங்கள். வாசல் ஓரத்தில் படுத்தால் யாரையும் தாண்டாமல் எழுந்து போகலாம். நடக்க இடமில்லாவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி 20 முறை இறக்குங்கள், ஒரு நிமிடம் நின்று இன்னொரு 20. மொட்டைமாடிக்குப் போவதானால் படியில் விளக்கு இருக்கட்டும். தூக்கக் கலக்கத்தில் படி தவறி இடுப்பு எலும்பு முறிந்தால் அது பெரிய கேடு.

உட்கார வேண்டியிருந்தால் கையும் மனசும் சேர்ந்து ஈடுபடுகிற வேலையை எடுங்கள். பூ கட்டுவது, அரிசியில் கல் பொறுக்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் கவனத்தை இழுத்துக் காலை அடக்கும். போனும் அடக்கும்தான், ஆனால் அதன் வெளிச்சம் தூக்கத்தை விரட்டிவிடும்.

தூங்கிய பிறகும் காலை உதைத்துக்கொண்டே இருப்பதாகப் பக்கத்தில் படுத்தவர் சொல்லலாம். இந்த நோய் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு அது உண்டு. 20, 40 நொடிக்கு ஒருமுறை பாதம் சுண்டும், உதைப்பவருக்கே தெரியாது. தனிப் பாய் போடுவதில் வருத்தப்பட எதுவும் இல்லை.

பிள்ளையைக் காலில் ஏறி மிதிக்கச் சொல்லலாமா? துண்டை இறுக்கிக் கட்டலாமா?

மிதிப்பது பலருக்கு உதவும். ஆழமான அழுத்தம் அந்த ஊரும் உணர்வை அமுக்கிவிடுகிறது. குப்புறப் படுத்து, கெண்டைச் சதையிலும் தொடையிலும் மட்டும், சின்னப் பிள்ளையின் பாரம் போதும். முட்டியின் பின்குழியில் மிதிக்கக் கூடாது. எலும்பு தேய்ந்த முதியவர்கள், கர்ப்பிணிகள், ஒரு கால் வீங்கியவர்கள், நரம்புச் சுருட்டல் உள்ளவர்கள் கூடவே கூடாது.

துண்டைக் கயிறுபோல் முறுக்கிக் கட்டித் தூங்குவது ஆபத்து, ரத்த ஓட்டம் நின்றுபோகும். அழுத்தம் வேண்டுமென்றால் முட்டிவரை வரும் மீள்தன்மையுள்ள காலுறையைச் சாயங்காலம் போட்டு, தூங்கும் முன் கழற்றிவிடுங்கள்.

துறைமுகத்தில் ராத்திரி வேலை. லாரியில் மணிக்கணக்கில் காத்திருக்கணும். என்ன செய்ய?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் வரிசையில் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தே இருப்பதுபோல இந்தக் காலுக்குப் பகை வேறில்லை. வரிசை நின்றதும் இறங்கி, வண்டிக்கும் தடுப்புக்கும் நடுவே இல்லாமல் ஓரமாக, ஐந்து நிமிடம் நடங்கள். இரவுக் காவல் வேலையில் முக்காலியில் உட்காராமல் மணிக்கு ஒருமுறை சுற்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வீடு திரும்பி 7 மணிக்குப் படுப்பவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. கால் அடங்கியிருக்கும் நேரம் அதுதான். ஜன்னலை மூடி இருட்டாக்கி அந்த நேரத்தை முழுசாகப் பயன்படுத்துங்கள். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறுவதுதான் மிக மோசம், முடிந்தால் ஒரே ஷிஃப்டைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டுநர்கள் இந்த நோய்க்கு மாத்திரை தொடங்கினால் முதல் ஒரு வாரம் வண்டி எடுக்காதீர்கள். மயக்கம் வரலாம். சில மாத்திரைகளில் முன்னறிவிப்பே இல்லாமல் தூக்கம் தள்ளிவிடும்.

டீ, பீடி, சரக்கு?

டீயும் காபியும் பகல் 2 மணியோடு சரி. சரக்கு அடித்தால் தூக்கம் வரும் என்று நினைத்துக் குடிப்பவர்களுக்கு முதல் இரண்டு மணி நேரம் தூக்கம் வரும், பிறகு கால் இருமடங்காகப் படுத்தும். புகையிலையும் பலருக்குக் கூட்டுகிறது. மூன்றையும் ஒரே நாளில் விட முடியாதென்றால் ராத்திரிக் குடியை முதலில் விடுங்கள், பலன் சீக்கிரம் தெரிவது அதில்தான்.

ஏழாம் மாதத்தில் தொடங்கியது. குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

இந்தக் கால் குடைச்சல் குழந்தையைத் தொடாது. கடைசி மூன்று மாதத்தில் கூடுவது வழக்கம், பிரசவமான சில வாரங்களில் பெரும்பாலோருக்கு விட்டுவிடும். ஆனால் இரும்பு குறைந்திருந்தால் அது உங்களுக்கும் குழந்தைக்கும் முக்கியம். ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் மகப்பேறு மருத்துவமனையிலோ உங்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பரிசோதனைக்குப் போகும்போது சொல்லுங்கள். கொடுத்த இரும்பு மாத்திரையை அலமாரியில் சேர்த்து வைக்காமல் சாப்பிடுங்கள். மற்ற மருந்து எதுவும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

டயாலிசிஸில் நான்கு மணி நேரம் காலை அசைக்காமல் வைத்திருக்க முடியவில்லை.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது மிகச் சாதாரணமாக வரும். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள், அழுக்கு வெளியேறாமல் நிலைமை இன்னும் கெடும். செவிலியரிடம் சொல்லி, ஊசி குத்தாத உறுப்புகளை அசைத்துக்கொண்டே இருங்கள். பாதத்தை மேலும் கீழும் மடக்குவது படுத்தபடியே செய்யலாம். வெளியே யாரோ கொடுத்த காபாபென்டின், பிரிகபாலினை மட்டும் போடாதீர்கள். அவை சிறுநீரில்தான் வெளியேறும். சாதாரண அளவே இவர்களுக்கு நினைவு தப்பும் அளவுக்குப் போய்விடும்.

இதற்கென்று மாத்திரை இல்லையா?

உண்டு. இரும்பைச் சரிசெய்து, தூண்டும் மருந்துகளை மாற்றிய பிறகும் வாரத்தில் பல ராத்திரி கெட்டால் காபாபென்டின் அல்லது பிரிகபாலின் முதல் தேர்வு. தொல்லை தொடங்கும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு போட வேண்டும். படுத்த பிறகு போட்டால் பாதி ராத்திரி வீண். தலைசுற்றல், கால் வீக்கம், எடை கூடுதல் வரலாம். குடியோடு சேர்ந்தால் மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு.

பிராமிபெக்சோல், ரோபினிரோல் என்ற டோபமின் வகை மாத்திரைகள் முதல் நாளிலேயே அற்புதம் செய்யும், சிக்கலும் அங்கேதான். மாதங்கள் கழித்து, ராத்திரி 10க்கு வந்த தொல்லை சாயங்காலம் 5க்கே வரும், கைக்கும் பரவும். அளவைக் கூட்டக் கூட்ட இன்னும் மோசமாகும். சிலருக்குச் சூதாட்டம், கண்டபடி செலவு என்று கட்டுப்பாடற்ற ஆசைகளும் வரும். இதனால்தான் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இவற்றை வழக்கமான சிகிச்சையாக எடுக்க வேண்டாம் என்றது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், மருத்துவர் பார்வையில்.

நரம்புக்குச் சத்து ஊசி போட்டால்?

பி12 குறைந்திருந்தால் போட வேண்டும். குறையாதவருக்கு அந்த ஊசி இந்தக் காலுக்கு எதுவும் செய்யாது.

எங்கே போவது, என்ன சொல்வது?

முதலில் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் போதும். சிக்கல் என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. போவதற்கு முன் ஒரு வாரம், தொல்லை எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை முறை எழுந்தீர்கள், அன்று என்ன மாத்திரை போட்டீர்கள் என்று எழுதுங்கள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். "உட்கார்ந்தா வருது, நடந்தா போவுது, ராத்திரிதான் ஜாஸ்தி" என்ற ஒரே வாக்கியம் மருத்துவருக்குப் பாதி வேலையை முடித்துவிடும். ஃபெரிட்டின், கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), சர்க்கரை, பி12 பார்க்கலாமா என்று கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிரஷர், சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் அக்காவிடமும் சொல்லி வைக்கலாம்.

குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று வரும் நோய் கால் தொல்லையையும் கூட்டும்.

பையன் சாயங்காலம் டியூஷனில் உட்கார மாட்டேன் என்கிறான். "காலை ஆட்டாதே, லட்சுமி தங்க மாட்டா" என்று அடித்தும் பார்த்தாச்சு.

அடிக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் இது வரும், "வளர்ற வலி" என்று ஒதுக்கப்படுவதும் உண்டு. அம்மா அப்பாவில் ஒருவருக்கு இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கால் எப்படி இருக்கிறது என்று அவன் வார்த்தையிலேயே சொல்லச் சொல்லுங்கள், அதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஃபெரிட்டின் 50க்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுப்பார்கள், அளவு எடையைப் பொறுத்தது. பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கொடுக்கக் கூடாது. அதுவரை டியூஷனில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவர விடும்படி டீச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேளாங்கண்ணிக்கு ராத்திரி பஸ். எப்படிச் சமாளிப்பது?

முடிந்தால் காலை பஸ்ஸுக்கு மாற்றுங்கள், காலை நேரத்தில் கால் பெரும்பாலும் சும்மா இருக்கும். ராத்திரிதான் என்றால் நடைபாதை ஓர இருக்கை, ரயிலில் கீழ் பெர்த். ஏறும் முன் பேருந்து நிலையத்திலேயே 20 நிமிடம் நடந்து, கெண்டைக்காலை இழுத்து விடுங்கள். வாந்தி வரும் என்று அவில் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். டீக்கு நிறுத்தும் இடத்தில் டீயை விட்டுவிட்டு இறங்கி நடங்கள். மருத்துவர் எழுதிய மாத்திரை இருந்தால் அது மேலே வைத்த பெட்டியில் வேண்டாம், மடியில் உள்ள பையில் இருக்கட்டும்.